மீதி அறுபத்து நான்கு

என் கையெழுத்து அழகாக இருக்கும். நீங்கள் கைப்பற்றி வைத்திருக்கும் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். பதினோரு வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்திருக்கிறேன். யாரைக் கூட்டி வந்தார்கள், எத்தனை மணிக்கு, அவர் கையில் பையில் என்ன இருந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவதுதான் என் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு அடித்தல், ஒரு திருத்தல் கிடையாது. மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்தால் மற்ற ஸ்டேஷன்களில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். எங்களிடம் வருகிறவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் ஆள் இதற்குள் மூன்று இடத்தில் அடித்துவிட்டார். பரவாயில்லை. மெதுவாகவே சொல்கிறேன்.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பட்டியல் வந்தது. பதினெட்டுப் பேர். எல்லாரும் எதிர்க்கட்சிக்காக வாக்குச்சாவடியில் முகவராக உட்கார இருந்தவர்கள். ஓட்டுப் போட்டு முடியும்வரை அவர்கள் வெளியே இருக்கக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவுக்குக் காகிதம் கிடையாது, போனில்தான் வந்தது. ஆனால் ஒருவரை ஒரு நாளுக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் வழி சொன்னேன் என்று மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்களாம். உண்மைதான், நான்தான் சொன்னேன்.

உள்ளே வரும்போதே வெளியே போவதற்கான கையெழுத்தையும் வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான். 'நல்ல உடல்நிலையில் விடுவிக்கப்பட்டார். உடைமைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மாலை மணி நான்கு.' மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் விசாரணைக்கு வருகிறார். ஆள் பின்னறையை விட்டு அசைவதே இல்லை. பதிவேட்டில் மட்டும் தினமும் வீட்டுக்குப் போய் வருவார்.

அடித்ததைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளங்காலில்தான் அடித்தார்கள். வெளியே தெரியாது என்பதற்காக மட்டும் இல்லை. ஒருவேளை யாராவது சிபாரிசு செய்து ஒன்றிரண்டு பேரை விட நேர்ந்தாலும், அவர்களால் வாக்குச்சாவடிவரை நடந்து போக முடியக் கூடாது. வேலை என்று எடுத்துக்கொண்டால் அதிலும் ஒரு கணக்கு இருக்கத்தானே வேண்டும். நான் ஒருவரையும் தொட்டது கிடையாது. சத்தம் அதிகமானால் என் மேஜைப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவேன். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கக் கூடாது.

பட்டியலில் பதினேழாவது பெயர் தையல்காரியுடையது.

அவளை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒற்றை அறைக் கடை. ஒரு மிஷின், சுவரில் ஒரு கண்ணாடி, அளவு எழுத ஒரு நீள நோட்டு. என் சீருடை எல்லாம் அவள் தைத்ததுதான். இப்போது போட்டிருப்பதும். அளவெடுக்கும்போது வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

"அக்கா, இடுப்பு ரெண்டு அங்குலம் ஏறிடுச்சு. நோட்டுல பழசை அடிச்சுட்டுப் புதுசா எழுதவா? இல்ல, பழைய அளவுலயே தைக்கவா, மூச்சைப் பிடிச்சுக்கறீங்களா?"

ஸ்டேஷனில் எல்லாரும் என்னை மேடம் என்பார்கள். என் மகள்கூட வீட்டில் விளையாட்டாக அப்படித்தான் கூப்பிடுவாள். தையல்காரிக்கு நான் முதல் நாளிலிருந்து அக்கா. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. என் கணவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபோது, ஒரே மாதத்தில் என் சட்டை தொளதொளத்துப் போனது. அவள் வாயில் குண்டூசியைக் கடித்தபடி தோள் தையலைப் பிரித்துக்கொண்டே, "போனா போறாரு அக்கா, துணி மிச்சம்" என்றாள். கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பட்டியல் வந்த அன்றே அவள் கடைக்குப் போனேன். தரையெல்லாம் கட்சிக் கொடி. தைத்ததும் தைக்காததுமாகக் குவிந்து கிடந்தது. நல்லபடியாகத்தான் சொன்னேன்.

"முகவரா உக்காரலேன்னு எழுதிக் குடுத்துடு. உனக்கெதுக்கு இந்த வம்பு?"

"நீங்க காக்கி குடுக்கறீங்க, தைக்கறேன். அவங்க கொடி குடுத்தாங்க, தைக்கறேன். கை எல்லாருக்கும் பொது. ஓட்டு மட்டும்தான் அக்கா என் சொந்தம். அதைப் போடுற இடத்துல நான் உக்காரக் கூடாதா?"

"உனக்கு இளைப்பு வேற இருக்கு."

"அதுக்குத்தான் பம்ப் இருக்கே" என்று இடுப்பில் செருகியிருந்த மூச்சு மருந்தைத் தட்டிக் காட்டினாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜீப் போனது. காலை பத்து நாற்பதுக்கு அவளை என் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்கள். உடைமைகளை ஒவ்வொன்றாக வாங்கி எழுதினேன். சாவி ஒன்று. கத்தரி சின்னது ஒன்று. அளவு நாடா ஒன்று. மூச்சு மருந்து பம்ப் ஒன்று. அந்தப் பம்பின் முதுகில் ஒரு சின்னத் துளையில் எண் தெரியும். இன்னும் எத்தனை தடவை அழுத்தலாம் என்பது அது. 'மீதி 64' என்று எழுதினேன். வேறு எந்த ரைட்டரும் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார். அதே வரியில், திரும்பப் பெற்றுக்கொண்டார் என்ற கட்டத்திலும் 64 என்று எழுதி அவள் கையெழுத்தை வாங்கினேன். எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு வைத்து இழுப்பறையில் பூட்டினேன்.

"என்னக்கா இது, இப்பத்தான் வந்தேன், அதுக்குள்ள போயிட்டேன்னு எழுதறீங்க?" என்றாள்.

புதிதாக வந்திருந்த இரண்டு பெண் காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா என்றதற்காகத்தான் இருக்கும். ஒருத்தி சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணிக்குமேல் அந்த இருவரும்தான் அவளைக் கவனித்தார்கள். மிஷின் மிதிக்கும் கால், தோல் கெட்டியாக இருந்ததாம். கொஞ்சம் அதிகம் பிடித்தது என்று அவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

நான்கு இருபதுக்கு அவளுக்கு இளைப்பு கண்டது. பின்னறையின் கம்பிக்கதவு என் மேஜைக்கு நேர் எதிரே, பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரம். அளந்திருக்கிறேன். அவள் தவழ்ந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, பம்ப்."

நான் பதிவேட்டைப் பார்த்தேன். நான்கு மணிக்கு அவள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டாள். கையெழுத்து இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்த பொருளை மறுபடி எப்படிக் கொடுப்பது? பையின் அரக்கை உடைத்தால் ஏன் உடைத்தேன் என்று எழுத வேண்டும். எழுதினால் அவள் உள்ளே இருக்கிறாள் என்று ஆகும். அவள் உள்ளே இருந்தால் மற்ற பதினேழு பேரும் உள்ளே இருக்கிறார்கள். ஒரு நூலை இழுத்தால் மொத்தத் தையலும் பிரியும். அவளுக்கே புரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஐந்து மணிக்கு அவள் தங்கை வந்தாள். நர்ஸ் வேலை, வெள்ளை உடையோடு அப்படியே வந்திருந்தாள். "மேடம், எங்கக்காவைக் கூட்டிட்டு வந்தாங்களாம், மேடம்." மரியாதையான பெண். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள்.

"இது அவ கையெழுத்துதான், மேடம். ஆனா வீட்டுக்கு வரலையே. கடையும் பூட்டியிருக்கு."

"உங்கக்கா கட்சிக்காரி. இங்கேருந்து நேரா வீட்டுக்குத்தான் போவான்னு என்ன நிச்சயம்?"

அதற்குள் பெண் காவலர்கள் தையல்காரியைக் கம்பிக்கதவிலிருந்து விலக்கி, பின்சுவர் ஓரம் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே இருந்த ஆண்களில் யாரோ இருமினார். தங்கை தலையைத் தூக்கிக் கேட்டாள். "பழைய கேஸ் ஆளுங்க" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தே காலுக்கு இன்ஸ்பெக்டர் தன் அறையிலிருந்து வந்தார். கதவு வழியாக ஒரு பார்வை பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கையெழுத்துப் போடத்தான் தைரியம் உண்டு அவருக்கு.

"குடுத்துடும்மா அதை. செத்துக்கித்துத் தொலைஞ்சுடப் போறா."

"ஒரு தடவை அழுத்தினா அறுபத்து மூணு ஆயிடும் சார். பதிவேட்டுல அறுபத்து நாலு இருக்கு."

"என்னமோ பண்ணு. உன் இஷ்டம்" என்று உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டார். அவர் கேட்டதை அவர் வாயாலேயே உங்களிடம் சொல்லியிருப்பார். தப்பித்துக்கொள்ளட்டும்.

அவள் மறுபடி கம்பிக்கு வந்துவிட்டாள். பையை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். அதைப் பார்த்தாள். பேச்சு வரவில்லை; உதடு மட்டும் அசைந்தது. அக்கா, ஒரே ஒரு தடவை. அதைத்தான் சொன்னாள். உள்ளே பதினேழு ஆண்கள், இரண்டு பெண் காவலர்கள், எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஐந்து முப்பத்தைந்துக்கு அசைவு நின்றது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பஸ் நிறுத்தத்து பெஞ்சில், வீட்டுக்குப் போகும் வழியில் இளைப்பு வந்து உட்கார்ந்த மாதிரி சாய்த்துவைத்தோம். கிளம்பும்முன் அரக்கை உடைத்து, சாவியையும் கத்தரியையும் நாடாவையும் மடியில் வைத்தேன். பம்பை அவள் கையில் வைத்து விரலை மடக்கினேன். அதில் அறுபத்து நான்கு என்று இருந்தது. பதிவேட்டிலும் அறுபத்து நான்கு. ஒத்துப்போனதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த எண்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவள் கையில் மருந்தை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூடவா அழுத்தாமல் சாவாள் என்று கேட்டீர்கள். நர்ஸ் தங்கை அன்றைக்கே கேட்டாளாம். அன்று அவள் சொல் எடுபடவில்லை. தேர்தலில் ஆட்சி மாறியது, நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மாறாமல் இருந்திருந்தால் உங்கள் கையிலும் ஒரு பட்டியல் இருந்திருக்கும். அதை நாம் இருவரும் அறிவோம்; அதனால் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம்.

நேற்று இன்னொன்றும் கேட்டீர்கள். அவளுக்குப் பம்பைக் கொடுத்திருந்தால் எண் குறைந்திருக்கும், சரி. நான்கு மணிக்கு வெளியே போனவள் வழியில் அழுத்தியிருப்பாள் என்றுதானே எல்லாரும் நினைத்திருப்பார்கள்? பதிவேட்டுக்கு என்ன கெடுதல்? அரைமணி கழித்து அரக்கை உடைத்தீர்களே, அதை எங்கே எழுதினீர்கள்?

இரவெல்லாம் யோசித்தேன். நீங்கள் சொன்னது சரி. கெடுதல் ஒன்றும் இல்லை. பதிவேடு அப்படியேதான் இருந்திருக்கும், அவளும் இருந்திருப்பாள். இத்தனை சின்ன விஷயம் எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

மற்றபடி, அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. முதலிலேயே சொன்னேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை மேடம் என்று கூப்பிட்டிருந்தால், கொடுத்திருப்பேன்.