கண்ணமங்கலம் சாலையில் முப்பத்தைந்து நிமிடம்

சீர்மிகு சாரதியே! சினமறியாச் சீலரே! எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்தின் காரை முப்பத்தோராண்டு ஓட்டி, இன்று சாவியை ஒப்படைக்கும் சுப்பராயலு ஐயா அவர்களே, வணக்கம்!

உங்கள் நேரந்தவறாமையையும் நெடுவழிப் பொறுமையையும் அடுக்கிப் பாடவே இம்மடலை எழுத உட்கார்ந்தோம். உங்கள் பணிப் பதிவேட்டின் ஒரு வரி குறுக்கே நின்றது: 'ஓட்டுநரின் கவனக்குறைவால் இன்ஜின் சூடேறித் தாமதம், நோயாளி மரணம்.' பதினோராண்டாக இந்த ஆரணி உங்களை அந்த வரியால்தான் அறிந்திருக்கிறது. அந்த வரி சொல்லாததை முந்தாநாள்வரை அறிந்தவர் இருவர். ஒருவர் நீங்கள். மற்றவர் சாயப்பட்டறை வேடியப்பன். அவர் சொன்னபடியே எழுதுகிறோம்.

பதினோராண்டுக்கு முன், சித்திரை வெயில். நெய்த சேலையோடு வந்த நெசவாளர் கற்பகம், சங்க வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பின்சீட்டில் அவரும் கணவர் குமரேசனும், முன்சீட்டில் வேடியப்பனுமாக, வேலூர் மருத்துவமனையை நோக்கி விரைந்தீர்கள்.

கண்ணமங்கலம் தாண்டியதும் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்பினீர்கள். மூச்சுக்குத் தவிப்பவள்மேல் அனலை அடிக்கிறாரே என்று வேடியப்பன் பதறினார். இன்ஜினின் சூட்டை இழுக்க ஓடும் வண்டியில் வேறு வழியில்லை என்பது அவருக்குத் தெரியாது. முள் இறங்கியது. மறுபடி ஏறியது. புளியமரத்தடியில் நிறுத்தினீர்கள்.

ஃபேன் சுற்றியது. பெல்ட் அறுபடவில்லை. ரப்பர் குழாய்களில் ஒழுகல் இல்லை. ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டி மட்டும் நுரைத்து வழிந்தது. அந்த நுரையைக் கண்டதும் வேடியப்பனுக்குக் காலையில் தான் செய்தது புரிந்துவிட்டது.

அவரிடம்தான் அந்தத் தொட்டியை நிரப்பச் சொல்லியிருந்தீர்கள். சங்கத்துக் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. பட்டின் பசை போகச் சோப்பும் சோடாவும் போட்டு நூலை வேகவைத்த தண்ணீர், பட்டறையில் தெளிந்து நின்றது. தெளிவாகத்தானே இருக்கிறது என்று அதை மொண்டு ஊற்றியவர் அவர்; சூட்டில் அந்தச் சோப்பு நுரைத்துப் பொங்கிவிட்டது.

“ஜல்தி மூடியத் தொறந்து தண்ணி ஊத்துய்யா. அவ மூச்சு வாங்கிகினு கீறா,” என்று குமரேசன் உங்கள் சட்டையைப் பிடித்தார்.

“இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துடுங்க. பச்சத் தண்ணி பட்டா இன்ஜின் விரிசல் வுட்டுடும். அப்பறம் வண்டி எங்கயும் போவாது.”

கை காட்டியும் இரண்டு லாரிகள் நிற்கவில்லை. இன்ஜின் ஆறும்வரை நீங்கள் அசையவில்லை. துணி போட்டு மூடியைக் கால் சுற்றுத் திருப்பி, நுரையை வடித்து, குடிதண்ணீர் நிரப்பிக் கிளம்ப முப்பத்தைந்து நிமிடம். அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் மருத்துவர்.

பிணவறை வாசலில் நீங்கள் கேட்டது ஒன்றே: “பட்டறத் தண்ணியா?”

வேடியப்பன் தலையசைத்தார்.

“ரொப்பச் சொல்லிட்டுப் பாக்காம வண்டி எடுத்தவன் நான். நீ தினக்கூலி, ரெண்டு பொண்ண வச்சினு கீற. வாயத் தொறக்காத.”

அவர் திறக்கவில்லை. உங்கள் பதவி உயர்வு நின்றது. தெருவில் கண்டால் குமரேசன் காறித் துப்பினார்; துண்டால் துடைத்துக்கொண்டு நடந்தீர்கள். வேடியப்பனின் வேலை நிரந்தரமாயிற்று, மகள்களுக்குத் திருமணமும் ஆயிற்று. பட்டறையில் நுரைக்கும் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கற்பகத்தின் மூச்சு கேட்டது.

முந்தாநாள் அவரே குமரேசன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். குமரேசன் கேட்டது ஒன்றே: “இத அவரோட மடல்ல எழுதி, மேடையில நீதான் படிக்கணும். நான் முன்னாடி குந்தினு கேக்கணும்.”

அதனால்தான் இம்மடலை இன்று வேடியப்பன் வாசிக்கிறார்.

பழி சுமந்த பெருந்தோளே! பதறாத நெடுமனமே! பதிவேட்டின் அந்த வரியை அடித்துவிட நிர்வாகம் இசைந்துவிட்டது. போன உயிரையோ, உங்களிடமிருந்து பறித்த பதினோராண்டையோ எங்களால் மீட்டுத் தர இயலாது. இனிவரும் ஆண்டுகளேனும் நோயின்றி, நிமிர்ந்த தலையோடு நீங்கள் நெடிது வாழ வேண்டுகிறோம்.

இம்மடலை இரண்டு படி எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். ஒன்று உங்கள் வீட்டுக்கு. மற்றதைக் குமரேசன் கேட்டார், கற்பகத்தின் படத்தருகே மாட்ட.

இங்ஙனம்,
சங்கப் பணியாளர்கள்

முதல் கையொப்பம்: வேடியப்பன், சாயப்பட்டறை