ஜாஸ்பரின் கம்ப்யூட்டரில் ஒன்பது நாற்பது

அந்த வீட்டில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர். வீட்டுக்காரர் ஜெபமணி. அவருடைய தங்கை ராஜபாய். கருங்கல் ஊரில் இருந்து வந்த மெக்கானிக் ஆன்ட்ரூஸ்... நம் தெரு ஞானபாயின் மருமகன். வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு ஆளாளுக்குத் தானும் அங்கே நின்றதாகச் சொல்லித் திரிந்தார்கள்.

2012, ஏப்ரல் மாதம். மாலை ஆறரை மணி. குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் போகிற ஒற்றைச் சாலை. கோடை மழை விட்டு, இலைகள் சொட்டுகிற சத்தம் மட்டும். ஆன்ட்ரூஸ் முற்றத்தில் பைக்கை நிறுத்தினான். கிணற்றடியில் கப்பி ஒருமுறை கிறீச்சென்று சுற்றி நின்றது. அதில் கயிறு இல்லை.

ஜாஸ்பர், ஜெபமணிக்குத் தம்பி, ராஜபாய்க்குச் சின்னண்ணன். துபாயில் இருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவன் அவன்தான். எழுத்துக் கட்டைகளும் உடம்பும் ஒரே பெட்டி, டி.வி.யில் மாட்ட வேண்டும். 1993 ஏப்ரலில் ஓர் இரவு அதில் எதையோ அடித்துக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து போனான். விடிந்தபோது கிணற்றில் கிடந்தான். தோட்டத்தைப் பாகம் வைக்கிற சண்டையில் மனம் உடைந்து குதித்துவிட்டான் என்று ஜெபமணி சொன்னார். சபை நம்பியது. தானாகச் செத்தவனுக்கு மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் இடம் இல்லை என்றார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள்.

அவன் கடைசியாக என்ன அடித்தான்? அதைக் காட்டினால் சின்னண்ணனுக்கு மணி அடிப்பார்கள் என்று ராஜபாய் நம்பினாள். ஜெபமணியோ, குடும்பச் சாமான் படி இறங்கக் கூடாது என்று பத்தொன்பது வருடம் தடுத்தார். மச்சு ஒழுகி, அங்கே கிடந்த பெட்டி கீழே வந்த பிறகுதான், வேண்டுமானால் மெக்கானிக் இங்கே வரட்டும் என்றார்.

ஆன்ட்ரூஸ் திறந்து பார்த்தான். உள்ளே பேட்டரி ஒழுகியிருந்தது. பச்சை பூத்து, போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றிருந்தது. சால்டரிங் அயன் பட்டதும் அழுகிய மீன் நாற்றம். பேட்டரியைக் கழற்றி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டான்.

"இனி இதுல தேதியும் நேரமும் நிக்காது, கேட்டியளா."

"அது வேண்டாம் தம்பி. எழுத்து வந்தா போரும்" என்றாள் ராஜபாய்.

"கழுவ வினாகிரி உண்டுமா?"

வாசலில் இருந்த ஜெபமணி சிரித்தார். "என்னத்துக்கு மக்கா, மீன் ஊறப்போடவா? ஏட்டி ராஜி, செத்தது எழும்புமா?"

"கொஞ்சம் புளிப்பு வேணும். அவ்வளவுதான்."

"புளிப்புதானே? ரப்பர் பால் உறைய ஊத்துற ஆசிட் தாரேன். எழும்பிச்சுன்னா என் கையாலதான் எழும்பிச்சுன்னு ஊருல சொல்லணும்."

அவர் கையாலேயே கொண்டுவந்தார். அவர் கையாலேயே தண்ணீர் கலந்து கொடுத்தார்.

பச்சை நுரைத்துக் கரைந்தது. அறுந்த கோடுகளுக்குப் பதிலாக ஏழு இடத்தில் மெல்லிய வயர் இழுத்தான். டி.வி.யில் மாட்டி, ஜாஸ்பரின் பிளாப்பி டிஸ்க்கைச் செருகி சுவிட்சைப் போட்டான். கர்... கர்... நீலத் திரை.

முதலில் தேதி வந்தது. 1993 ஏப்ரல் 16. இரவு 9.40.

ஆன்ட்ரூஸ் சிரட்டையைப் பார்த்தான். பேட்டரி அங்கேதான் கிடந்தது. ஜெபமணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. மின்விசிறி ஓய்ந்தது. திரை மட்டும் அணையவில்லை...

டக். ஒரு கட்டை தானாக அமுங்கியது. டக்... டக்... ஆன்ட்ரூஸின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் ஊறியது. கிணற்றுப் பாசியின் வாடை. திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ்... ஜாஸ்பர் அடிக்கிற மாதிரியே.

அண்ணா கைய எடு.

அண்ணா கைய எடு.

அண்ணா என் தலையிலேருந்து கைய எடு.

ஜெபமணி வலது கையை மடக்கி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை மெல்ல நீண்டது. கை முன்னே போக, அவர் பின்னே போனார். வாசல்... முற்றம்... கிணற்றடி... செருப்புக்கூடப் போடவில்லை.

கப்பி சுற்றுகிற சத்தம். பிறகு தண்ணீர்ச் சத்தம்.

ஆன்ட்ரூஸ் துள்ளி எழுந்தான். ராஜபாய் அவன் தோளை அழுத்தினாள். "இரி தம்பி. நேரம் ஓடட்டு."

9.41. 9.42. அவள் முதுகு நாற்காலியில் சாயவே இல்லை. வெளியே தண்ணீர் அடிக்கிற சத்தம் ஓய்ந்தபோது திரையில் 9.47. அதன்பின் எண் மாறவில்லை. திரை இருண்டது.

"இனி போய் ஆளக் கூப்பிடு" என்றாள்.

கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. ஜெபமணி குப்புறக் கிடந்தார். வலது மணிக்கட்டைச் சுற்றி, ஐந்து விரல் பதிந்த பச்சைக் கறை. குளிப்பாட்டியவர்கள் சோப்புப் போட்டார்கள், வினாகிரி போட்டார்கள். போகவில்லை. முழுக்கைச் சட்டை மாட்டி அடக்கம் செய்தார்கள்.

கால் வழுக்கி விழுந்தவர் என்று அவருக்குச் சபையில் மணி அடித்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழும்பவில்லை. பிளாப்பியிலும் ஒன்றும் இல்லை. அதனால் ஜாஸ்பருக்கு இன்னும் அடிக்கவில்லை.

ஜாஸ்பர் தானாகக் கிணற்றில் குதித்தான் என்று இன்றைக்கும் குலசேகரத்தில் சிலர் சொல்வதுண்டு.

அவன் குதிக்கவில்லை.