எடது கால்ல பிரேக்கு

இல்லீங்க மொதலாளி, தப்பு வண்டி மேலதான். எங்க வேணா வந்து சொல்றேன். ஒடஞ்ச கால ஆட்டாதீங்க, புத்தூர் ரயிலு வர இன்னும் அர மணி ஆவுமாம். அங்க போயி முட்ட வெள்ளைக்கருவும் பச்சிலையும் வெச்சி, மூங்கில் பத்தை போட்டு ஒரு கட்டு கட்டிகினா ரெண்டு மாசத்துல நடந்துடுவீங்க. அதுவா பெருசு? வண்டியப் பத்தி பேசணும்ங்க.

ஒருத்தன் எந்த வண்டில கத்துக்கினானோ, அந்த வண்டிதாங்க அவன் ஒடம்புல கீது. பர்மா சண்டையில நான் ஓட்டனது அமெரிக்கா மோட்டார் சைக்கிளு. கிளச்சி எடது கால்ல, கீரு கையில. தபால் பைய முதுகுல கட்டிகினு, மழையில சேத்துல மூணு வருசம். அத்த ஓட்டனவன் எத்த வேணா ஓட்டுவான். சின்ன வண்டில கத்துக்கினவன் கீறானே, மேடு வந்தா எறங்கித் தள்ளுவான். அதுலதான் அவன் கெட்டிக்காரன்.

அதவிட மோசம், பக்கத்துல தொட்டி மாட்டன சைடுகாரு ஓட்டறவன். டாக்டரம்மாவ கூட்டிகினு சுத்தனானே, ஜெபக்குமாரு... பத்து வருசமா மூணு சக்கரம். சாயற வேலையே இல்ல. ஒரு நாளு தனி வண்டிய குடுத்தாங்க. திருவாலங்காட்டு வளைவுல ஒடம்ப சாய்க்கத் தெரியாம, நேரா கரும்புக்குள்ள பூந்துட்டான். சோகைய ஒதறிகினு வெளிய வந்து, "ரோடு சரியில்ல"ங்கிறான். கேட்டீங்களா?

என் கத வேறங்க. காலையில கொளத்து வளைவுல எருமை குறுக்க வந்துச்சா? கிளச்சிய அமுக்கனேன். எடது காலு, குதிகால வெச்சி ஓங்கி. பழக்கம்ங்க. உங்க வண்டிய செஞ்ச இங்கிலீஷ்காரன் கிளச்சிய கையில குடுத்துட்டு, எடது கால்ல பிரேக்க வெச்சிகீறான். எவனாவது வெப்பானா? வண்டி நின்னு போச்சி. நீங்கதான் நிக்கல.

ஆங்? கெளம்பறப்பவே சொன்னீங்களா?

சொன்னீங்க. "எடது கால்ல பிரேக்கு, பாத்துக்கோ"ன்னு ரெண்டு தபா சொன்னீங்க. நான்தான், பர்மாவுல ஓட்டனவனுக்கு லுங்கி யாவாரி பாடம் எடுக்கறாரேன்னு சிரிச்சிகினேன். மனசுக்குள்ளதான். வெளியவும் கொஞ்சம்.

வேலைய மட்டும் எடுத்துடாதீங்க. பட்டாளத்த விட்டு வந்து ஆறு மாசமா ஊட்ல சும்மா குந்திகினு கீறேன். எம்பொஞ்சாதி தபிதாளு பள்ளிக்கூடத்துல கத்திட்டு வந்து எனக்கு சோறு போடறா. முழுங்க முடியலீங்க. நேத்து கோயில்ல அவ, "என் வூட்டுக்காரரு சுந்தர்சிங்குக்கு வேல கெடச்சிது"ன்னு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டா. இன்னிக்கி போயி நான் என்னான்னு சொல்றது?

வண்டிய விக்கலியே? நல்லதுங்க... சைடுகாரு மாட்டப் போறீங்களா? ஆங், அதுவும் சரிதான். இந்தக் கால வெச்சிகினு பின்னாடி குந்த முடியாது. பொதட்டூர்பேட்டையில தறி தறியா போயி துணி பாக்கணும். கால நீட்டிகினு ராஜா மாதிரி போலாம். நான் மெதுவா ஓட்டறேன், எடது கால தொடவே...

யாரு?

அவனக் கூட்டியார ஆள் அனுப்பிட்டீங்களா? எப்போ? நான் டிக்கெட்டு வாங்கப் போனப்பவா?

ரயிலு வருது மொதலாளி. என் தோள புடிச்சிக்கோங்க. மெதுவா... அந்தக் கால ஊனாதீங்க. ஜெபக்குமாரு நல்ல ஆளுதான். வளைவுல சாயவே மாட்டான்.