கடைசியில நடக்கிற ஆளு

ராவு ஒரு மணி இருக்கும். பாலாத்து மணல்... தண்ணி சொட்டு கெடையாது. அந்தாண்டக் கரையிலேர்ந்து இந்தாண்டக் கரை வரைக்கும் வெறும் மணல். நெலாவும் இல்ல. முன்னாடி ஒரு மனுசன், கையில அரிக்கேன் வெளக்கு. பின்னாடி வரிசையா பசங்க. அரை நிஜார், கழுத்துல துணி, கையில கம்பு. முன்னாடி போறவரு வாயில ஒரு விசிலு. வரிசைக்குக் கடைசியில வர்ற ஆளு வாயிலயும் ஒரு விசிலு இருக்குன்னு அவரு நெனச்சிக்கினு நடந்தாரு.

அந்தக் கதவைச் சாத்துப்பா. காத்துல வெளக்கு அணைஞ்சிடப் போவுது... கூட்ஸு ஜோலார்பேட்டைக்கு வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். எங்க போகப் போறோம், ஒக்காருங்க.

இது நான் கட்டின கதை இல்ல. தோ, நம்ம கோவிந்தசாமியோட அக்கா வீட்டுக்காரரு, சம்பந்தம்னு பேரு, அவருக்கு நடந்தது. ஆம்பூர்ல ஒரு தோல் பதப்படுத்தற ஷாப்புல எடை குமாஸ்தா. கோவிந்தசாமி, நான் தப்பா சொன்னா தடுத்துடு. ஹபீபு தடுக்கமாட்டான். மூலையில ஒக்காந்திருக்கானே, இவன் அந்த வரிசையில நடந்தவன். அப்ப மீசை கூட மொளைக்கல. இத்தினி வருசமா ரெண்டு பேரும் ஒரே இஞ்சின்ல கரி அள்ளிப் போடறோம். அன்னிக்கு சம்பந்தத்துகிட்ட சொன்னதோட சரி, இதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல அவன்.

சம்பந்தம் ஸ்கவுட் மாஸ்டர். காசு கெடையாது, பேரு கெடையாது. ஷாப்பு விட்டதும் வீட்டுக்குப் போயி, தோல் நாத்தம் போக ரெண்டு தடவ குளிச்சி, பசங்கள மைதானத்துல நிக்கவச்சி கயித்துல முடிச்சு போடக் கத்துக்குடுப்பாரு. ஊரான் புள்ளைங்களுக்கு நீ இன்னா கூலி இல்லாத காவக்காரனான்னு அக்கா கத்துவாங்களாம். இல்லையா கோவிந்தசாமி? தலையாட்டறான் பாரு.

ஏன் ஆரம்பிச்சாருன்னு கேளுங்க.

அந்த ஷாப்புல சுண்ணாம்புக் குழிங்க வரிசையா இருக்கும். தோலை அதுல பல நாளு ஊறப் போடுவாங்க, மயிரு எல்லாம் தானா கழண்டு வர்றதுக்கு. அந்தக் குழிக்கரையில ஏழுமலைன்னு ஒரு பொடியன் வேலை செஞ்சான். தோல் இழுக்கறவங்க கைய நிறுத்தணும்னா, ரெண்டு விரலை வாயில வச்சி சீழ்க்கை அடிப்பான். ரெண்டு வெட்டு. விக்... விக்... அவ்ளோதான். அந்தக் குழிங்களுக்கு மேஸ்திரி காசி. கடா மாடு மாதிரி ஆளு. இடுப்புல தோல் வார். சீழ்க்கைச் சத்தம் கேட்டாலே அவனுக்குப் பத்திக்கினு எரியும். ஒரு நாளு வாரைக் கழட்டிட்டான்.

அடி விழற சத்தம் எடை ஷெட்டுக்குக் கேட்டுது. சம்பந்தம் தராசை நிறுத்தி காது குடுத்தாரு. அப்புறம்... அடுத்த தோல்கட்டைத் தூக்கி தராசுல வச்சாரு. எழுந்து போகல. கொஞ்ச நேரத்துல வார் சத்தம் நின்னுடுச்சி. சீழ்க்கையும் நின்னுடுச்சி.

பையன் ஓடிப்போய்ட்டான்னு காசி சொன்னான். அவன் அம்மா எல்லம்மா தெனம் சாயங்காலம் ஷாப்பு கேட்டுல வந்து நின்னாங்க. ஊறின தோலை வெளிய இழுக்கற அன்னிக்கித்தான் அடியில கெடந்தது தெரிஞ்சிது. தலையில ஒரு முடி இல்ல. புருவம் இல்ல. சுண்ணாம்புக்கு ஆடு எது, புள்ள எதுன்னு தெரியுமா... வழுக்கி விழுந்துட்டான்னு முடிச்சிட்டாங்க. சம்பந்தம் அப்பவும் பேசல. பொண்டாட்டி புள்ளைக்குச் சோறு அந்த ஷாப்புலேர்ந்துதான் வருது. நீங்களும் நானும் பேசியிருப்பமா?

அதுக்கப்புறந்தான் மைதானத்துல பசங்களச் சேத்தாரு. அவரு வச்ச சட்டம் ஒண்ணு. எங்க நடந்தாலும் முன்னாடி ஒரு பெரிய ஆளு, கடைசியில ஒரு பெரிய ஆளு. முன்னாடி ஆளு ஒரு நீட்டு ஊதுவாரு. கடைசி ஆளு ரெண்டு வெட்டு ஊதணும். ரெண்டு வெட்டு வந்தா, எல்லாரும் வர்றாங்க, ஒருத்தனும் விட்டுப்போகலன்னு அர்த்தம். முன்னாடி போறவரு திரும்பிப் பாக்கக்கூடாது. அவரு நின்னா வரிசையே நின்னுடும், பசங்க மெரண்டுடுவாங்க. விசிலை நம்பிப் போய்க்கினே இருக்கணும். ஏன் ரெண்டு வெட்டுன்னு வச்சாருன்னு யாரும் கேக்கல. அவரும் சொல்லல.

அந்த வருசம் ஜவ்வாது மலையடிவாரத்துல ஒரு புளியந்தோப்புல கேம்ப்பு. ரெண்டாவது ஆளு வேணும். போட்டோ எடுக்கற அன்னிக்கி மாலையோட வந்த ஸ்கவுட் கமிட்டிக்காரங்க வீடு வீடா ஏறி எறங்கினாரு. ஒருத்தருக்கு மூட்டு வலி. ஒருத்தருக்கு மச்சினி கல்யாணம். ஒருத்தரு வீட்ல இருந்துக்கினே இல்லன்னு சொல்லச் சொன்னாரு. கடைசியில கமிட்டித் தலைவரு கிட்ட போனாரு. தலைவரு யாரு? ஷாப்பு முதலாளி. நான் வந்தா யாவாரம் இன்னா ஆவறது, நம்ம காசியை அனுப்பறேன்னுட்டாரு.

வேணாம்னு சொல்லலாம். சொன்னா கேம்ப்பு இல்ல. லீவு குடுக்கறது முதலாளி. கூடாரத் துணி முதலாளிது. பசங்க வருசம் பூரா அதையே பேசிக்கினு இருந்தாங்க. மனுசன் மறுபடியும் முழுங்கிட்டாரு. வாரை மட்டும் வீட்ல வச்சிட்டு வரச் சொன்னாராம். காசி சிரிச்சானாம்.

கெளம்பற காலையில ரங்கம்மாள்னு ஒரு அம்மா. குடியாத்தத்துலேர்ந்து வந்து தறி நெய்யறவங்க. புருசன் இல்ல, ஒரே புள்ள ஆதிகேசவன். அதை விடமாட்டேன்னு புடிச்சிக்கினு நின்னாங்க. சம்பந்தம் கையைக் கூப்பி, "முழுசா கொண்டாந்து உன் கையில குடுக்கறேம்மா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விட்டாங்க.

மொத நாளு ஒண்ணும் இல்ல. மறுநாளு ராத்திரி, ஆதிகேசவன் சோறு பொங்கிட்டான். மத்தவங்க சுள்ளி பொறுக்கப் போயிருக்காங்க. கூப்புடணும், கையில விசில் இல்ல. ரெண்டு விரலை வாயில வச்சான்.

விக்... விக்...

காசி மரத்தடியில படுத்திருந்தான். எழுந்தான். மொகம் வெளுத்துப்போச்சாம். வெறும் பயம். ஹபீபு அப்ப பாத்ததா சம்பந்தத்துகிட்ட சொன்னது அது. அவன் மெதுவா கிட்ட வந்து, "இதை எவன்டா ஒனக்குக் கத்துக்குடுத்தது?"ன்னு கேட்டான். புள்ளைக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. சிரிச்சிருக்கான்.

சட்டைக்கு உள்ள சுத்திக் கட்டியிருந்தான் வாரை. உருவிட்டான். மொத அடி பக்கிள்சு காதுல. காது பாதி கிழிஞ்சி தொங்கிடுச்சி. ரெண்டாவது வாய்ல. புள்ள கீழ விழுந்துட்டான், அவன் நிறுத்தல. ஹபீபு கம்பால தடுத்தான். அந்தக் கம்பையே புடுங்கி இவன் வெலாவுல ஒரு போடு போட்டான். எலும்பு முறிஞ்ச சத்தம் இவனுக்கே கேட்டுச்சாம்.

சம்பந்தம் கெணத்தடியில தண்ணி சேந்திக்கினு இருந்தாரு. வார் சத்தம். அதே சத்தம். இந்தவாட்டி குடத்தை அப்படியே போட்டுட்டு ஓடினாரு.

அவரு ஒடிசலான ஆளு, கோவிந்தசாமிக்குத் தெரியும். மேல விழுந்து காசி மணிக்கட்டைக் கடிச்சாரு. சதை வந்துடுச்சி. காசி அவரு மூஞ்சியில குத்தினான், முன்பல்லு ரெண்டு போச்சி. விடல அவரு. எரியற கட்டையை எடுத்து காசி மண்டையில எறக்கினாரு, தீப்பொறி பறக்க... மறுபடியும்... மறுபடியும். ஏழுமலைக்காக அடிச்சேனா, ஆதிகேசவனுக்காக அடிச்சேனான்னு எனக்கே தெரியலடான்னு பின்னாடி கோவிந்தசாமி கிட்ட சொல்லி அழுதாராம். பசங்கதான் இழுத்தாங்க.

காசி எழுந்து ஒக்காந்தான். ரத்தத்தைத் துப்பிட்டு, சரி சார், ஆச்சில்ல, போலாம்னான்.

ஆதிகேசவன் கண்ணு தொறக்கல. ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தாண்ட. ரெண்டு கம்புல ரெண்டு சட்டையை மாட்டி டோலி கட்டினாங்க, அவரு கத்துக்குடுத்தபடியே. இப்ப பாருங்க பேஜாரை. கடைசியில பெரிய ஆளு வேணும். ஆத்து வழி தெரிஞ்சது சம்பந்தத்துக்கு மட்டும், அவரு முன்னாடி போயாவணும். மீதி இருக்கற பெரிய ஆளு யாரு? தள்ளி வா, பசங்க கிட்ட வராத, நான் ஊதினா நீ ஊதுன்னு சொல்லி பித்தளை விசிலை அவன் கையில குடுத்தாரு. பசங்கள்ல கடைசியா ஹபீபை நிறுத்தினாரு, வெலா வலியோட.

தோப்பு தாண்டல. ஒரு நீட்டு ஊதினாரு. பின்னாடி ரெண்டு வெட்டு. பித்தளைச் சத்தம். சரி.

கொஞ்ச தூரம். பின்னாடி ஏதோ சத்தம்... ஈரத் தோலை கல்லுல அறையற மாதிரி. சளார். சளார். அப்புறம் ஒண்ணும் இல்ல. காசி ஆத்திரத்துல செடியை அடிச்சிக்கினு வர்றான்னு நெனச்சாரு.

மணல்ல எறங்கினாங்க. ஊதினாரு. பத்து அடி நடந்தாரு. அப்புறந்தான் பதில் வந்துச்சி.

விக்... விக்...

பித்தளை இல்ல. வாயில ரெண்டு விரலை வச்சி அடிக்கற சீழ்க்கை.

நாத்தம் வந்துச்சாம்... சுண்ணாம்பும் ஊறின தோலும். அந்தக் குழி நாத்தம் ஆத்துக்கு நடுவுல எங்கேர்ந்து வரும்? காஞ்ச மணல்ல காலடி கேக்காது. பின்னாடி கேட்டுது. சளக்... சளக்... ஈரக் காலு. திரும்பினா வரிசை நின்னுடும். டோலியில புள்ள மூச்சு விட்டு விட்டு வருது. திரும்பல. அழுதுக்கினே நடந்தாரு. ஊதினாரு. ஒவ்வொரு தடவையும் பதில் வந்துச்சி. யாரும் விட்டுப்போகல, யாரும் விட்டுப்போகல...

நடு ஆத்துல ஹபீபு கைக்குள்ள பின்னாடிலேர்ந்து ஒரு கை வந்து நொழைஞ்சிது. சின்னக் கை. பொடியன் எவனோ பயந்து பின்தங்கிட்டான்னு இவன் நெனச்சி இறுக்கிப் புடிச்சிக்கினான். வழவழன்னு ஈரம். கரை ஏறற வரைக்கும் விடல. எரிஞ்சிதாம். நெருப்பா எரிஞ்சிதாம். பொடியன் பயந்துடுவானேன்னு அப்பவும் விடல.

கரை மேல ஏறினதும் சம்பந்தம் வெளக்கைத் தூக்கி ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தாரு. பசங்க எல்லாரும் இருக்காங்க. ஹபீபு பக்கத்துல யாரும் இல்ல. காசி இல்ல. வெறும் மணலைப் பாத்து ஒரு நீட்டு ஊதினாரு. ஆத்துக்குள்ளேர்ந்து ரெண்டு வெட்டு வந்துச்சி, ரொம்பக் கிட்ட. "ஏழுமல... நீயும் வாடா"ன்னாரு.

ஆதிகேசவன் பொழச்சிக்கினான். ஒரு காது போச்சி. ஆஸ்பத்திரி வாசல்ல ரங்கம்மாள் சம்பந்தத்தை அறைஞ்சாங்க, கை ஓயற வரைக்கும். வாங்கிக்கினு நின்னாரு.

காசியை விடிஞ்சதும் தேடிப் போனாங்க. தோப்பு வாசல்லயே கெடந்தான், ஒரு அடி கூட மணல்ல வைக்கல. முதுகுல வார் விழாத எடம் இல்லயாம். உடம்புல ஒரு மயிரு இல்ல. தலை, மீசை, புருவம் எல்லாம் கழண்டு பக்கத்துல மண்ணுல கெடந்துச்சி. அந்தத் தோப்புல வெத்தலைக்குத் தடவக்கூட சுண்ணாம்பு கெடையாது. விசிலு எங்கன்னு தேடினாங்க. ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்தப்பதான் கெடச்சிது. தொண்டைக்குக் கீழ, நெஞ்சுல சொருகி இருந்துச்சி.

சம்பந்தம் அந்த ஷாப்பை விட்டுட்டாரு, ஸ்கவுட்டை விடல. மறுவருசம் கமிட்டிக்காரங்க கேம்ப்புக்கு ரெண்டாவது ஆளு யாருன்னு கேட்டாங்களாம். இருக்கான்னு சொன்னாராம். பேரு கேட்டதுக்கு விசிலைக் கழுத்துல மாட்டிக்கினு கெளம்பிட்டாராம். இன்னிக்கும் போறாரு. முன்னாடி அவரு, பின்னாடி பசங்க. ரெண்டாவது ஆளு கேட்டு யாரு வீட்டுப் படியும் ஏறறதில்ல.

இன்னா கோவிந்தசாமி, நம்பலையா? உன் மாமா கதைதானே.

ஹபீபு... கையைக் காட்டுப்பா. பரவால்ல, நம்ம ஆளுங்கதான். வெளக்கைக் கிட்ட கொண்டாங்க... உள்ளங்கையில ரேகை தேடாதீங்க, இல்ல. அன்னிக்கே தோலு உரிஞ்சி வந்துடுச்சி. பொறங்கையைத் திருப்பு. தோ... நாலு விரல் தடம். எவ்ளோ சின்னது பாருங்க.

கோவிந்தசாமி, வேணாம். தொட்டுப் பாக்காத.

ஈரமா இருக்கும்.