குரலுக்கு ஓய்வு

ஸ்டூடியோவில் நாள் வாங்குவது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை, மச்சான். ஒரு போன் போதும். எத்தனை பாட்டு, பின்னணி வாசிக்க ஆள் உண்டா, எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேட்பார்கள். நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

என் வேலை அப்படிப் பழக்கிவிட்டது. இருபத்தாறு வருடமாக நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். கோடு ஒரு நூல் தள்ளிப்போனால் ஒருவர் வீட்டுச் சுவர் அடுத்தவர் தோட்டத்துக்குள் போய்விடும். உங்கள் தங்கை அதற்கு நேர்மாறு என்பது உங்களுக்கே தெரியும். பாட்டு டீச்சர் என்றால் எங்கள் தெருவில் தெரியாதவர் கிடையாது. வாசலில் எந்த நேரமும் யார் யாருடைய செருப்போ கிடக்கும். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன், நடுவில் வாய்க்குள் ஒரு மெட்டு. என்னிடம் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாள் என்றால், அது முடியும்போது வேறு யாரிடமாவது போய்ச் சேர்ந்திருக்கும். குறையாகச் சொல்லவில்லை. இருபத்து நான்கு வருடம் அப்படித்தான் வாழ்ந்தோம், நன்றாகவே வாழ்ந்தோம்.

குரல்வளையில் கட்டி என்று தெரிந்த அன்று நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், ஐந்து வாரம் கழித்து அறுவை சிகிச்சை என்றார் டாக்டர்.

“அதுக்கப்புறம் பேச்சு?” என்று கேட்டாள் அவள்.

டாக்டர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “உயிர் முக்கியம்மா. பாடணும்னு இருந்தா அதுக்கு முன்னாடி பாடிக்கோங்க.”

வெளியே வராந்தாவில் நின்றபோது அவள் அழவில்லை. “நானே மெட்டுப் போட்ட பாட்டு ஏழு இருக்குங்க” என்றாள். “எதுவும் எங்கேயும் பதிவாகல. ஒரு நல்ல ஸ்டூடியோவுல, ஒரே ஒரு தடவை, முறையா பாடி வெச்சுடணும். நீங்கதான் ஏற்பாடு பண்ணணும். என்னால முடியாது.”

அவளுடைய பாட்டு விஷயத்தில் என்னிடம் அவள் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் நேரில் போய் இடத்தைப் பார்த்தேன். அந்த ஸ்டூடியோ ஒரு அச்சகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. நடத்துகிறவர் ஒரு அம்மா, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். பாடுகிற அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, “ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்க” என்றார். தட்டினேன். சத்தம் கையை விட்டு நகரவில்லை. அப்படி ஓர் அமைதியில் நான் அதுவரை நின்றதே இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிருந்த அந்த அம்மா மைக்கில் கூப்பிட்டார்.

“காலைலதான் குரல் நல்லா வரும்னா நான் எட்டு மணிக்கே திறந்து வைக்கிறேன். வர்றதுக்கு முன்னாடி மூணு நாள் அவங்க வாயே திறக்க வேண்டாம். பேச்சு, முணுமுணுப்பு, ஒண்ணும் கூடாது. தண்ணி மட்டும் நிறைய குடிக்கச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து பெரிய வரைபடத் தாளில் அட்டவணை போட்டேன். எந்தப் பாட்டு முதலில், எந்தச் சுருதி, எவ்வளவு வேகம், எங்கே மூச்சு எடுக்க வேண்டும், நடுவில் எத்தனை நிமிடம் ஓய்வு. கஷ்டமானதை முதலில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “பாட்டை நிலம் மாதிரி அளந்து வெச்சிருக்கீங்க” என்றாள். அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். போனிலேயே ஒத்திகைக்குப் பதிவு செய்துகொள்ளலாமே என்றேன். “போன்ல பாடினா தகர டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி இருக்கும். இருக்கிற குரலை அங்கே போய் செலவழிக்கிறேன்” என்றாள்.

மூன்று நாள் ஓய்வு ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கியது. போன் வந்தால் பேசத் தோன்றும் என்று அவளுடைய போனையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன். வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். எல்லாரும் நியாயம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த மூன்று நாளைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அவள் என் அறைக்கு வந்து தோளைத் தொடுவாள். ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவாள், நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் எழுதிய எல்லா வாக்கியங்களும் என்னிடமே தொடங்கி என்னிடமே முடிந்தன. இரண்டாம் நாள் மாலைக்குள் எழுதக்கூட வேண்டியிருக்கவில்லை. கண்ணைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம் அலுவலகப் படிக்கட்டில் நின்று ஸ்டூடியோவுக்கு போன் செய்தேன். அவளுக்குச் சளி பிடித்துவிட்டது, நாளை வர முடியாது என்றேன். அந்த அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டார். வீட்டில் அவளிடம், பதிவு செய்யும் இயந்திரத்தில் ஏதோ கோளாறாம், அடுத்த வாரம் நாள் தருகிறார்களாம், அதுவரை ஓய்வை விட வேண்டாம் என்றார்களாம் என்று சொன்னேன்.

ஒரு வாரம்தான் நினைத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரே ஒரு வாரம் அப்படி இருந்துவிட்டு, பிறகு கூட்டிப்போய்ப் பாட வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் போனைக் கையில் எடுத்தேன். எண்ணை அழுத்த முடியவில்லை. மறுநாளும் எடுத்தேன். அவளிடம் இயந்திரம் இன்னும் சரியாகவில்லையாம் என்றே சொல்லிவந்தேன். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை, என்ன நடந்ததோ அதைச் சொல்கிறேன். அந்த அம்மாவே இரண்டு தடவை கூப்பிட்டார். “அக்காவால வர முடியலன்னா சொல்லுங்க, மைக்கைத் தூக்கிக்கிட்டு நானே வீட்டுக்கு வர்றேன்” என்றார். அவளுக்குப் பாடுகிற மனநிலை போய்விட்டது என்று சொன்னேன். நீங்களும் வேறு ஸ்டூடியோ பார்க்கட்டுமா என்று கேட்டீர்கள். அவள் அந்த இடத்தைத்தான் விரும்புகிறாள் என்றேன். இரண்டு பேரும் நம்பினீர்கள். நான் இதற்கு முன்னால் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால் இருக்கலாம்.

அவள் ஒவ்வொரு நாளும் அட்டவணைக்கு முன்னால் நின்று, உதட்டை மட்டும் அசைத்து, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, ஏழு பாட்டையும் சத்தமில்லாமல் பாடிப் பார்ப்பாள். ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு மெதுவாக முனகிய சத்தம் கேட்டது. நான் கதவைத் தட்டினேன். நின்றுவிட்டது. வெளியே வந்தபோது தப்புச் செய்தவள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்தாறு நாள் அவள் ஒரு சொல் பேசவில்லை. மூன்று நாள் போதும் என்று அந்த அம்மா சொன்னதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாள் வந்தது. மாலை நான்கு மணிக்குச் சேர வேண்டும். காலை எட்டு மணிக்கு ஸ்டூடியோ கிடைத்திருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவள் கண்ணால் கேட்டாள், நான் சொல்லிவிட்டேன். அவள் ஆறு மணிக்கே குளித்துத் தயாராக இருந்தாள். அட்டவணையைக் கிழியாமல் உரித்தெடுத்துச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். டாக்ஸியில் பாதி வழி போனதும் என் போனைக் காதில் வைத்து யாருடனோ பேசுவது போலப் பேசினேன். பிறகு அவளிடம் திரும்பி, கட்டடத்தில் மின்சாரம் இல்லையாம், மாலைக்குத்தான் வருமாம் என்றேன். டாக்ஸியை நேராக மருத்துவமனைக்கு விடச் சொன்னேன்.

அவள் அட்டவணையை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தாள்.

மாலையில், வார்டில் எங்களுக்குக் கொடுத்த கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அத்தனை நாள் ஓய்வில் குரல் உண்மையாகவே தெளிந்திருந்தது, மச்சான். கட்டி இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“போனை எடுங்க. இங்கேயே ஒண்ணாவது பாடிடறேன். தகர டப்பாவா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

என் போனும் அவள் போனும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. இரண்டிலும் சார்ஜ் இருந்தது. “ரெண்டும் செத்துப்போச்சு. சார்ஜரை எடுத்துட்டு வரல” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு என் முழங்காலில் தட்டிக்கொடுத்தாள்.

“விடுங்க. நீங்களும் எவ்வளவுதான் அலைவீங்க. உங்களால என்ன செய்ய முடியும்?”

பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வரவில்லை. அவள் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, காதோரமாக, ஒரே ஒரு பாட்டைப் பாடினாள். முழுதாகப் பாடினாள். நடுவில் எழுந்து போகவில்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அது என் ஒருவனுக்கு மட்டும். பிறகு நர்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

நீங்கள் ஸ்டூடியோவுக்குப் போய் அந்த அம்மாவிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அவர் சொன்னது சரிதான். ஒரு தடவைதான் நாள் வாங்கினேன், நானே ரத்து செய்தேன். இயந்திரம் கெடவில்லை, மின்சாரம் போகவில்லை. நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

அவளை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறீர்கள். அவளையே கேட்கலாம் என்கிறீர்கள். இப்போதுதான் புண் ஆறியிருக்கிறது, அவளைச் சிரமப்படுத்த வேண்டாம். அவள் மனதில் இருப்பது என்னைத் தவிர யாருக்கும் புரியாது. என்னைக் கேளுங்கள், நானே சொல்கிறேன். அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.