அத்திப்பால்

அத்திப்பழத்தைத் தோலோடு தின்பதுதான் நல்லது, இன்ஸ்பெக்டர். உடம்பைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது, அதுவும் கறுப்பு ரகத்தில் கூடுதலாக. எந்த ரகத்தில் எந்தச் சேர்மம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் தில்லியில் இத்தனை வருஷமாக என் வேலை.

இளவரசி என்னிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவள். இங்கேயே மயூர் விஹாரில் வளர்ந்த பெண், கெட்டிக்காரி. மார்ச் மாதம் ஒரு கறுப்பு ரகத்தின் தோலில் இதுவரை யாரும் சொல்லாத சேர்மம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவள் போக்கு சரியில்லை. நான் உள்ளே நுழைந்தால் கம்ப்யூட்டர் திரையை அணைப்பாள். போனில் குரலைத் தாழ்த்துவாள். மரம் நான் வளர்த்தது, பெயர் மட்டும் அவளுக்கா? என்னை விட்டுவிட்டுக் கட்டுரையை வெளியிடப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

அத்தி இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துக் கொப்பளிக்கும். அதனால் விடிகாலையில், கையுறை போட்டுத்தான் பறிக்க வேண்டும் என்று விதி வைத்தவனே நான். ஏப்ரலில் என் முழங்கையில் ஒரு சொட்டு விட்டு, வெயிலில் நின்று பார்த்தேன். இதோ, தழும்பு.

மே மாதம் அவளைக் கூப்பிட்டு, உச்சி வெயிலில் பறித்த இலையும் ஒப்பிடுவதற்கு வேண்டும் என்றேன்.

"கிளவ்ஸ் தீந்துபோச்சு சார். நாளைக்குப் பறிக்கட்டுமா?"

"பால்தானேம்மா, கழுவினா போயிடும். ஜல்தி போயிட்டு வா."

உடனே போனாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வையை அந்தக் கையாலேயே துடைத்தாள், கண்ணையும் சேர்த்து. அது நான் எதிர்பாராதது. ஆனாலும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு கையிலும் கட்டு. வலது கண்ணில் பார்வை திரும்பாது என்றார்கள். என் குரல் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"கட்டுரைல உங்க பேரத்தான் சார் மொதல்ல போட்டிருக்கேன். நீங்க ரிட்டயர் ஆகற அன்னிக்குக் குடுக்கலாம்னு மறைச்சு வச்சிருந்தேன்."

கையுறைப் பெட்டியை என் பீரோவில் வைத்துப் பூட்டியது நான்தான். தெரிந்தேதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. பாடுபட்டது அவள், பெயர் எனக்கு. சும்மா கொடுப்பாளா யாராவது? அவள் மனதில் ஏதோ இருந்திருக்கிறது. அதையும் கொஞ்சம் விசாரியுங்கள்.