மூடி இறுகிய குப்பி

பழைய நெயில் பாலிஷ் குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று என் ஃபேன்சி ஸ்டோருக்கு வருகிறவர்களிடம் எப்போதும் சொல்வேன். ஒரு பேசினில் தண்ணீர், அதில் நாலு சொட்டு பாலிஷ், கிளற ஓர் ஈர்க்குச்சி. நிறம் கரையாமல் மேலேயே விரிந்து நிற்கும். தாளை மெல்லப் படுக்கவைத்து எடுத்தால் சலவைக்கல்லில் ஓடுகிற மாதிரி தாள் முழுக்க வரி விழும். பிள்ளைகளுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், மேடம்.

என் பெயர் செல்லக்கனி. எர்ணாவூரில்தான் கடை. சனிக்கிழமை சாயங்காலம், கெமிக்கல் கம்பெனிக்காரர்கள் கட்டிக்கொடுத்த கூடத்தில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுப்பேன். சம்பளம் கிடையாது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடி விளையாடுவதைவிட அங்கே இருக்கட்டுமே என்றுதான் ஆரம்பித்தேன். கூடத்தின் பின்பக்கத்தை ஒட்டியே கம்பெனி மதில்.

முதலில் ஷேவிங் நுரையில்தான் செய்துகொண்டிருந்தோம். தட்டில் நுரையைப் பரப்பி, கேசரிப் பவுடரைக் கரைத்துத் தெளித்து, தாளை அழுத்தி எடுத்து, ஸ்கேலால் வழித்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சுலபம். கண் எரியாது, வாடையும் கிடையாது. பிறகு வாடை உள்ளதாக ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

வெள்ளத்துரை அந்தக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். எங்கள் ஊர்ப் பக்கம், உடன்குடிக்காரர். ஒருநாள் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"ஒரு மாசந்தாங்க்கா. மதிலை ஒட்டிப் போற பைப்புல ஒரு கசிவு. மாத்துறதுக்குப் பார்ட் வரணும். கூடத்த மூடினா ஏன் மூடினன்னு ஊரே கேக்கும்லா? நீங்க எப்பவும் போல நடத்துங்க. பின்னாடி ஜன்னல மட்டும் தொறந்துராதீங்க. பெயிண்ட் வாடை மாதிரி கொஞ்சம் வரத்தான் செய்யும். பிள்ளையள்ட்ட என்னமாது சொல்லிச் சமாளிச்சிருங்க."

"பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று கேட்டேன். நான் கேட்டதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"நம்ம ஜெபினப் பெர்மனென்ட் ஆக்குறது என் பொறுப்புக்கா" என்றார்.

நான் கேட்டதற்கு அது பதிலில்லை. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜெபின் என் மகன். தகப்பன் இல்லாத பையன். அங்கேயே பல வருஷமாகக் கான்ட்ராக்டில் மூட்டை தூக்குகிறான். நிரந்தர வேலை இல்லையென்று வருகிற சம்பந்தமெல்லாம் தட்டிப்போகும். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் அவன் இருந்தான். முடியாது என்று சொன்னால் மறுநாளே அவனை நிறுத்திவிடுவார்கள். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அந்த வாரமே பாலிஷுக்கு மாறினோம். கூடம் முழுக்க வாடை. "மிஸ், கண்ணு எரிது மிஸ்" என்று யாராவது சொன்னால், "பாலிஷ்னா அப்படித்தான் இருக்கும், மூஞ்சியக் கிட்டக் கொண்டுபோகாத" என்பேன். அம்மாக்களுக்கும் அதே பதில்தான். யாரும் சந்தேகப்படவில்லை. சில நேரம் எனக்கே அது வெறும் பாலிஷ் வாடைதான் என்று தோன்றியது.

அங்கே வருகிற பிள்ளைகளில் உமைமாவுக்கு மூச்சிளைப்பு உண்டு. அது எனக்குத் தெரியும். அவள் அம்மா ரஹீமுன்னிசா என் கடை வாடிக்கை. பாலிஷ் போட்டால் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுகிற ஒளு செல்லாது என்று நகத்தில் ஒன்றும் போடமாட்டாள். அந்தச் சனிக்கிழமை ஒரு சிவப்புக் குப்பியை மகள் கையில் கொடுத்துக் கூட்டிவந்தாள். "தங்கச்சி நிக்காவுக்கு வாங்குனதுக்கா. சும்மாதான் கீது, எட்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று வாடை அதிகம். பாலிஷால் வந்தது இல்லை என்று உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. பிள்ளைகள் இருமிக்கொண்டே செய்தார்கள். உமைமா நீலத்தில் ஒரு தாள் எடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். "மிஸ், மூச்சு வுட முடில மிஸ்."

வாசல் பக்கம் கூட்டிப்போயிருக்கலாம். அங்கே நாலைந்து அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என்னவென்று உள்ளே வருவார்கள், பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவார்கள், அத்தோடு கூடம் மூடிவிடும். அதனால் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். "கொஞ்சம் காத்து வரட்டும்" என்று வாசல்வரை கேட்கிற மாதிரி சொல்லி, அந்த ஜன்னலைத் திறந்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பைப். பிறகு மற்ற பிள்ளைகளின் தாள்களைக் கொடியில் காயப்போட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தலை சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள்.

மையத்து வீட்டில் ரஹீமுன்னிசா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் குட்த்த பாலிஷ்தான்க்கா. பழசு, கெட்டுப் பூட்ச்சு. நானே என் புள்ளயக் கொன்ட்டேன்கா." நான் அழுதேன், மேடம். நடிக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஜெபின் நின்றுகொண்டிருந்தான். "அல்லா எழுதினது, நீ என்னம்மா செய்வ" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

போன வாரம் பார்ட் வந்து பைப்பைச் சரிசெய்துவிட்டார்கள். ஜெபினுக்குப் பெர்மனென்ட் ஆர்டரும் வந்தது. கோயிலில் முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரம் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை என்று இன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். வந்தால், ரஹீமுன்னிசா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மிஸ் மேல் தப்பில்லை, பாலிஷ் கொடுத்த என்னைப் புழல் ஜெயிலில் போடுங்கள் என்று காவலர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் கொடுத்த குப்பி இதுதான். அன்றிலிருந்து என் கைப்பையிலேயே கிடக்கிறது. திருகிப் பாருங்கள், திறக்காது. அன்றும் திறக்கவில்லை, மூடி இறுகிப்போயிருந்தது. உமைமாவுக்கு நான்தான் என் கடையிலிருந்து வேறு நீலம் கொடுத்தேன்.

வெள்ளத்துரை சொன்னது, நான் செய்தது, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மேலே போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் நான் எப்போதும் கவனமாகத்தான் இருந்திருக்கிறேன்.